மெமோரியல்: டப்ளின் கோட்டைக்குப் போன விண்ணப்பங்கள்

அயர்லாந்தின் 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றைப் படிக்கிறவர்கள் அடிக்கடி இடறும் சொல் ஒன்று உண்டு: மெமோரியல். அகராதியைத் திறந்தால் நினைவுச்சின்னம், நினைவகம், நினைவுத்தூண் என்று வரிசையாக வரும். தமிழாக்கத்தில் அதை அப்படியே எடுத்துப் போட்டால் ‘பசியால் வாடிய கிராமத்தார் ஆளுநருக்கு ஒரு நினைவுச்சின்னம் அனுப்பினார்கள்’ என்று ஆகிவிடும். அந்தக் காலத்து அயர்லாந்தில் மெமோரியல் என்றால் அரசு அதிகாரிக்கு எழுதிக்கொடுக்கும் விண்ணப்பம். எழுதியவரை மெமோரியலிஸ்ட் என்பார்கள், அதாவது விண்ணப்பதாரர். பெட்டிஷன் என்ற சொல்லும் கூடவே புழங்கியது. சிலர் மேலே பெட்டிஷன் என்று தலைப்புப் போட்டு உள்ளே மெமோரியலிஸ்ட் என்று எழுதியிருப்பார்கள். எழுதிக்கொடுத்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் வேர் வேறு.

பெட்டிஷன், ‘நாடு, கேள்’ என்று பொருள்படும் லத்தீன் வினையான பெடெரே என்பதிலிருந்து வந்தது. மெமோரியல், நினைவு என்று பொருள்படும் மெமோரியா என்பதிலிருந்து வந்தது. முதலாவதில் கேட்பது முக்கியம், இரண்டாவதில் நடந்ததை எடுத்துவைப்பது முக்கியம். மெமோரியல் என்ற சொல், மேலிடத்தின் நினைவுக்குக் கொண்டுவரும் வகையில் உண்மைகளை வரிசையாக எழுதிய தாள் என்ற பொருளுக்கு நகர்ந்து, அப்புறம் அந்த உண்மைகளின் மேல் நின்று ஓர் உதவியையோ நீதியையோ கேட்கும் விண்ணப்பம் என்று நிலைத்தது. ‘உண்மைகளை எடுத்துவைப்பது’ என்ற இந்தப் பகுதியை விட்டுவிட்டால் அந்தத் தாள்களின் உயிர் போய்விடும்.

அயர்லாந்தில் இவை இவ்வளவு குவிந்ததற்குக் காரணம் ஆட்சி அமைப்பு. 1801 ஜனவரி 1 முதல் டப்ளினில் நாடாளுமன்றம் இல்லை, இணைப்புச் சட்டம் அதை லண்டனோடு சேர்த்துவிட்டது. ஆனால் நிர்வாகம் டப்ளின் கோட்டையிலேயே தங்கியது. மேலே அரசரின் பிரதிநிதியாக லார்ட் லெப்டினன்ட் (வைசிராய் என்றும் சொல்வார்கள்), அவருக்குக் கீழே தலைமைச் செயலர். அவர் நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் பாதிக் காலம் லண்டனில் இருப்பார். அன்றாட வேலையைக் கோட்டையில் இருந்தபடி பார்த்தவர் துணைச் செயலர். போலீஸ், சிறை, நிவாரணம், சாலை, வேலை நியமனம் என்று எதற்கும் கடைசியில் இந்த அலுவலகம்தான். அதனால் தன் ஊரில் நியாயம் கிடைக்காதவர் நேராகக் கோட்டைக்கு எழுதினார்.

வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் எண் போட்டு, பேரேட்டில் பதிந்து, நீளவாக்கில் மடித்து, மடிப்பின் வெளிப்பக்கத்தில் யார், எந்தத் தேதி, என்ன விஷயம் என்று சுருக்கமாக எழுதிவைத்தார்கள். அதிகாரிகளின் உத்தரவும் பெரும்பாலும் அந்தத் தாளின் மேலேயே இருக்கும். இப்படிப் பதிந்த தாள்களின் வரிசை 1818-இல் தொடங்கி 1920-கள் வரை போகிறது. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது பல நூற்றாண்டுப் பதிவுகள் சாம்பலாயின. கோட்டையின் தாள்கள் வேறு கட்டடத்தில் இருந்ததால் தப்பின. ஏழைகள் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்கள் இன்று அயர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் படிக்கக் கிடைப்பது அதனால்தான். இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறுதலாக இருக்கிறது.

சரி, ஒரு மெமோரியல் எப்படி இருக்கும்? முதலில் விளி: அயர்லாந்தின் லார்ட் லெப்டினன்ட் ஜெனரலும் ஜெனரல் கவர்னருமான மேதகு இன்னார் அவர்களுக்கு. அடுத்து, இன்ன கவுண்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) இன்ன ஊரில் வசிக்கும் இன்னாரின் பணிவான விண்ணப்பம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே தனியாக ‘பணிவுடன் காட்டுவது’ என்று நிற்கும். ஆங்கிலத்தில் ‘ஹம்ப்ளி ஷோவெத்’ என்று பழைய எழுத்துக்கூட்டலில் எழுதுவார்கள், ‘காட்டுகிறது’ என்பதன் பழைய வடிவம் அது. அப்புறம் ஒவ்வொரு பத்தியும் ‘விண்ணப்பதாரர்...’ என்று படர்க்கையில் போகும்: விண்ணப்பதாரர் கூலி வேலை செய்பவர், விண்ணப்பதாரருக்கு மனைவியும் ஆறு பிள்ளைகளும், விண்ணப்பதாரரின் மகன் பொய்ச் சாட்சியால் தண்டிக்கப்பட்டான். ‘நான்’ என்ற சொல் அநேகமாக வராது. கடைசியில் வேண்டுதல், அதற்கும் கடைசியில் ‘கடமைப்பட்டபடி விண்ணப்பதாரர் என்றென்றும் பிரார்த்தித்திருப்பார்’ என்ற முடிப்பு. ஊர்ப் பாதிரியாரோ, நிலக்கிழாரோ, மாஜிஸ்ட்ரேட்டோ இவர் நல்லவர் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அதையும் கீழே சேர்ப்பார்கள்.

இந்தச் சட்டகத்துக்குள் ஒருவர் எவ்வளவு சொல்லிவிட முடியும் என்பதற்கு 1837-இல் டோனகால் கவுண்டியின் க்வீடோர் பகுதியிலிருந்து போன ஒரு மெமோரியலைக் காட்டலாம். எழுதியவர் பேட்ரிக் மக்கை, அங்கே தேசியப் பள்ளி ஆசிரியர். அயர்லாந்தில் ஒன்பது கவுண்டிகளையும், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்காவில் சில பகுதிகளையும் பார்த்தவன் நான், இங்குள்ள பசியிலும் நிர்வாணத்திலும் பத்தில் ஒரு பங்கைக்கூட வேறெங்கும் கண்டதில்லை என்று தொடங்குகிறார். பிறகு கணக்கெடுக்கிறார். பல ஆயிரம் பேர் வாழும் அந்தத் திருச்சபை வட்டாரம் முழுவதிலும் இருந்தவை: ஒரு வண்டி, ஒரு கலப்பை, 20 மண்வாரி, 32 வரண்டி, சாப்பாட்டு மேசை முள்கரண்டி 7, நாற்காலி 93, முக்காலி 243, வாத்து 27, வான்கோழி 3, இறகு மெத்தை 2, கைக்கடியாரம் 3. பன்றி ஒன்றுகூட இல்லை, சுவர்க்கடியாரம் இல்லை, மூன்று பென்னிக்கு மேல் விலையுள்ள முகம்பார்க்கும் கண்ணாடி இல்லை, உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் தவிர வேறு காய்கறி இல்லை. பெண்களுக்கு மாற்று உள்ளாடை கிடையாது, பாதிப் பேருக்கு மேல் காலில் செருப்பில்லை. பல குடும்பங்களில் ஒரு வேளை உணவு, சிலருக்கு அதுவும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை.

இதில் எங்கும் அவர் அழவில்லை. முள்கரண்டி ஏழு என்று எழுதும்போது அந்த ஏழுக்குப் பின்னால் வீடு வீடாக ஏறி எண்ணிய ஒரு மனிதர் தெரிகிறார். ‘பணிவுடன் காட்டுவது’ என்ற சடங்குச் சொல்லை அவர் சொன்ன சொல்லாகவே எடுத்துக்கொண்டு, உண்மையிலேயே காட்டியிருக்கிறார். மெமோரியலின் வேர்ப்பொருளை இதைவிட நன்றாக விளக்கும் தாள் எனக்குத் தெரியாது. பிறகு அந்தப் பகுதியில் நிலம் வாங்கிய லார்ட் ஜார்ஜ் ஹில், தான் வருவதற்கு முன் ஊர் எப்படி இருந்தது என்று காட்ட இதே தாளைத் தன் 1845-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அச்சிட்டார். ஆசிரியர் ஊருக்காக எழுதியது நிலக்கிழாரின் சாட்சியாக மாறிப்போனது. 1858-இல் அதே பகுதியின் பாதிரியார்கள், நிலக்கிழார்கள் மேய்ச்சல் மலைகளைப் பறித்ததைச் சொல்லி இந்தமுறை பொதுமக்களை நோக்கியே எழுதினார்கள். விஷயம் நாடாளுமன்றக் குழு வரை போனது. அந்தத் தாளுக்கு மெமோரியல் என்று பெயரில்லை, அப்பீல். தமிழில் வேண்டுகோள் என்றால் சரியாகப் பொருந்தும்.

எல்லா ஊரிலும் ஒரு மக்கை இருக்கவில்லை. 1841 கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்ட அயர்லாந்து மக்களில் 53 சதவீதம் பேருக்கு எழுதவும் படிக்கவும் தெரியாது. மேற்குக் கரையில் ஐரிஷ் மொழி மட்டுமே பேசியவர்கள் ஏராளம், கோட்டைக்கோ ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். அதனால் எழுதிக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. வேலியோரப் பள்ளி (வேலியோரத்திலும் கொட்டகையிலும் தனியாக நடந்த ஊர்ப் பள்ளி) நடத்திய வாத்தியார்கள் பாடம் சொன்னதோடு ஊராருக்குக் கடிதமும் விண்ணப்பமும் எழுதினார்கள். சில விண்ணப்பங்களில் தேவைக்கு மேல் பெரிய லத்தீன் சொற்கள் கிடப்பது வாத்தியாரின் கைவண்ணம். கீழே விண்ணப்பதாரரின் பெயர், நடுவில் ஒரு பெருக்கல் குறி, அதைச் சுற்றி ‘அவருடைய அடையாளம்’ என்று எழுதியவரின் கையெழுத்து. குரல் ஒருவருடையது, எழுத்து இன்னொருவருடையது. படிக்கும்போது இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும்.

கைதிகளின் விண்ணப்பங்கள் ஒரு தனிக் கடல். தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் லார்ட் லெப்டினன்ட் கையில் இருந்தது. விண்ணப்பம் வந்ததும் வழக்கை விசாரித்த நீதிபதியிடம் கருத்துக் கேட்பார்கள், அவர் பதில் வந்ததும் முடிவு. மறுத்தால் பெரும்பாலும் ஒரே வரி: ‘சட்டம் தன் போக்கில் போகட்டும்.’ இரண்டு பக்கம் நெருக்கி எழுதிய தாளின் மேல் அந்த ஒரு வரியைப் பார்க்கும்போது மனம் கனத்துப்போகும். ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களின் மனைவிமார் வேறொன்று கேட்டார்கள்: கணவனை விடுவிக்க வேண்டாம், என்னையும் பிள்ளைகளையும் அவர் இருக்கும் இடத்துக்கு இலவசமாகக் கப்பலேற்றுங்கள். இப்படிப்பட்ட தாள்கள் ‘சுதந்திரக் குடியேறிகள்’ என்ற தலைப்பில் 1828 முதல் 1852 வரை தனிக் கட்டாக இருக்கின்றன. 1988-இல், ஆஸ்திரேலியாவின் 200-ஆம் ஆண்டையொட்டி, நாடுகடத்தல் பதிவுகளின் நுண்படச் சுருள்களை அயர்லாந்து அரசு அந்த நாட்டுக்குப் பரிசாகக் கொடுத்தது.

மெமோரியல் ஏழைகளின் கருவி மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலக்கிழார்களும் எழுதினார்கள், தங்கள் பாதுகாப்புக்குக் கடுமையான சட்டம் வேண்டும் என்று. 1838-இல் டிப்பரேரி மாஜிஸ்ட்ரேட்டுகள் அப்படி முறையிட்டபோது துணைச் செயலர் தாமஸ் டிரம்மண்ட், ‘சொத்துக்கு உரிமைகள் இருப்பதுபோலவே கடமைகளும் உண்டு’ என்று பதில் எழுதினார். அந்த வரி அயர்லாந்து முழுக்கப் பரவியது. கோட்டையின் கட்டுகளில் இன்னொரு வகைத் தாளும் உண்டு: இரவில் கதவில் ஒட்டப்பட்ட மிரட்டல் அறிவிப்பு. 1820-களில் ‘கேப்டன் ராக்’ என்ற கற்பனைத் தலைவரின் பெயரில் வந்தவை இப்படிப்பட்டவை. சட்ட ஆணையின் நடையிலேயே அவை எழுதப்பட்டிருக்கும். பணிந்து கேட்டுப் பலனில்லாத இடத்தில் என்ன நடந்தது என்பது இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் புரியும்.

உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்த ஏழைகளைத் தாக்கிய பஞ்சத்துக்கு வருவோம். 1845 செப்டம்பரில் உருளைக்கிழங்கு நோய் தெரிந்தது. நவம்பர் 3 அன்று டப்ளின் பிரமுகர்கள் நேரில் போய் லார்ட் லெப்டினன்ட் ஹெய்டெஸ்பரியிடம் முறையிட்டார்கள், அவர் எழுதிவைத்திருந்த பதிலை வாசித்து அனுப்பிவிட்டார். அந்த மாதமே நிவாரண ஆணையம் அமைந்தது. ஊர்களிலிருந்து வேலை கேட்டும் மக்காச்சோளம் கேட்டும் மெமோரியல்கள் வந்து குவிந்தன. 1847 மார்ச்சில் நிவாரணப் பொதுப்பணிகளில் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தார்கள். ஆனால் பணத்தின் சாவி லண்டனில், கருவூலத்தின் உதவிச் செயலர் சார்லஸ் ட்ரெவெல்யன் கையில் இருந்தது. அவர்தான் 1859-இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். கோட்டைக்கு வந்த மெமோரியல்களைத் தமிழில் சொல்லும் வேலை நமக்கு அவ்வளவு அந்நியமானதல்ல என்று இதனால் தோன்றுகிறது.

இனி தமிழ்ச் சொல். ‘மனு’ இன்று எல்லோருக்கும் புரியும். தெலுங்கிலும் கன்னடத்திலும் மனவி என்றாலும் வேண்டுகோள்தான். கைதிகளின் தாளுக்குக் கருணை மனு என்றே போடலாம், வேறு சொல் தேட வேண்டாம். ‘முறையீடு’ நல்ல சொல். ஆனால் முறை என்றால் நீதி, முறையிடுகிறவர் தனக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சொல்லி உரிமையோடு கேட்கிறார். வாடகை, நில வெளியேற்றம், போலீஸ் அடி பற்றிய மெமோரியல்களுக்கு இது பொருந்தும், மக்காச்சோளம் கேட்பவருக்குப் பொருந்தாது. ‘அர்ஜி’ பாரசீக வழி வந்தது, இப்போது வழக்கொழிந்துவிட்டது. ‘மகஜர்’ அரபு மூலம் உடையது. இலங்கைத் தமிழர்களுக்குப் பலர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கூட்டு விண்ணப்பம் என்று உடனே புரியும், தமிழ்நாட்டிலோ போலீஸின் பறிமுதல் மகஜர்தான் நினைவுக்கு வரும். எனவே இலங்கை வாசகருக்கு எழுதினால் ஊர் கூடிக் கையெழுத்திட்ட மெமோரியலுக்கு மகஜர் என்பதே மிகச் சரி, தமிழ்நாட்டு வாசகருக்கு அதையே கூட்டு விண்ணப்பம் எனலாம்.

பொதுவாக ஒரே சொல் வேண்டும் என்றால் நான் ‘விண்ணப்பம்’ என்பேன். வடமொழியின் விஞ்ஞாபனம் என்பதோடு உறவுள்ள சொல் இது, அடிப்பொருள் ‘அறிவித்தல், தெரியப்படுத்துதல்’. பல்லவர் செப்பேடுகளிலேயே இன்னாருடைய விண்ணப்பத்தால் அரசர் இதைக் கொடுத்தார் என்று வருகிறது. மேலிடத்துக்குப் பணிவோடு தெரியப்படுத்தி ஒன்றைக் கேட்பது என்ற முழுப் பொருளும் இதில் இருக்கிறது. ‘காட்டுவது’ என்ற அந்தத் தனி வரியோடு இது இயல்பாகச் சேரும். ஒரே குறை, இன்று விண்ணப்பம் என்றால் படிவம் நிரப்புவது என்ற நினைப்பு வருகிறது. கல்லூரிச் சேர்க்கை, ரேஷன் கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் விண்ணப்பம்தான். முதல் இடத்தில் ‘விண்ணப்ப மனு’ என்று எழுதிவிட்டு, பிறகு விண்ணப்பம் என்று தொடர்ந்தால் குழப்பம் வராது.

மாறாத சடங்கு வரிகளையும் தமிழின் பழைய மனு நடையிலேயே சொல்லலாம்: ‘அவர்கள் சமூகத்துக்கு இன்னார் பணிவுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம்’ (சமூகம் என்றால் இங்கே திருமுன்), ‘தெரிவித்துக்கொள்வது யாதெனில்’. படர்க்கையை மட்டும் மாற்றக் கூடாது. ‘நான்’ என்று திருப்பினால் விண்ணப்பதாரருக்கும் எழுதிக்கொடுத்தவருக்கும் நடுவே இருந்த இடைவெளி மறைந்துவிடும். ‘என்றென்றும் பிரார்த்தித்திருப்பார்’ என்ற முடிப்பையும் வெட்ட வேண்டாம். இந்திய உச்ச நீதிமன்றத்தில் தாக்கலாகும் மனுக்களின் கடைசிப் பக்கத்தில் அது ஆங்கிலத்தில் இன்றும் அதே வடிவில் இருக்கிறது, தொடக்கத்தில் ‘மிகுந்த மரியாதையுடன் காட்டுவது’ என்ற வரியும்கூட.