பெட்டிக்குள் வராத பாதிச் சாமான்: புதுக் கணினியும் டிரைவரும்

கிண்ணியாவில் கொமியூனிகேஷன் (பிரிண்ட், போட்டோகொப்பி எடுத்துக் கொடுக்கும் கடை) நடத்தும் நானா ஒருவர் போன மாதம் என் திருத்தகத்துக்கு வந்தார். ஒரு கையில் புது லப்டொப், வெளியே நின்ற ஓட்டோவில் பிரிண்டர். லப்டொப் கட்டாரில் இருந்து மருமகன் கொண்டு வந்தது. மெல்லிசு, சூடு இல்லை, காலையில் சார்ஜ் ஏற்றினால் இரவு வரை நிற்கிறது.

"எல்லாம் வேலை செய்யுது தம்பி. பிரிண்டர மட்டும் புடிக்குதில்ல. நாலு தரம் போட்டுப் பாத்திட்டன்" என்றார்.

செட்டிங்ஸில் கணினியின் விபரப் பக்கத்தைத் திறந்தேன். புரொசெசர் என்ற இடத்தில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் என்று இருந்தது. அதைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

2024 ஜூனில் இருந்து குவால்கொம் நிறுவனத்தின் இந்த வகைச் சில்லுகளோடு விண்டோஸ் லப்டொப்கள் பரவலாக வருகின்றன. வழக்கமான இன்டெல், ஏ.எம்.டி. சில்லுகளில் இருந்து இதன் அமைப்பே வேறு. அதற்குப் பெயர் ஆர்ம். பழைய சில்லுகளுக்கு எழுதிய மென்பொருளை விண்டோஸ் ஓடும்போதே மாற்றிக் கொடுத்துவிடும். ஆகவே அவருடைய பில் போடும் மென்பொருள், தமிழ்த் தட்டச்சு, போட்டோ திருத்தும் மென்பொருள் எல்லாம் ஓடின. ஆனால் டிரைவரை, அதாவது விண்டோஸையும் பிரிண்டர் போன்ற சாதனத்தையும் பேச வைக்கும் மென்பொருளை, அப்படி மாற்றிக் கொடுக்க விண்டோஸால் முடியாது. பிரிண்டர் செய்த நிறுவனமே ஆர்முக்கென்று தனியாக எழுதித் தர வேண்டும். ஒன்பது வருடப் பழைய பிரிண்டருக்கு அவர்கள் எழுதவில்லை. அதோடு வைத்திருந்த ஸ்கேனருக்கும் இல்லை.

பிரிண்டரில் பழுது இல்லை, லப்டொப்பிலும் பழுது இல்லை. ஆனால் நாளெல்லாம் பாஸ்பேப்பர் (பழைய பரீட்சை வினாத்தாள்) அடித்துக் கொடுக்கும் மனிதருக்கு அந்த லப்டொப்பால் என்ன பிரயோசனம்? பழைய டெஸ்க்டொப்பைத் துப்புரவாக்கி, பிரிண்டரையும் ஸ்கேனரையும் அதிலேயே விட்டு, லப்டொப்பைக் கணக்கு வேலைக்கு ஒதுக்கிக் கொடுத்தேன். இனி பிரிண்டர் வாங்கினால் மொப்ரியா தரத்தில் வைஃபையோடு வருவதைப் பாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். அந்த வகைக்குத் தனி டிரைவர் தேவைப்படுவதில்லை, ஆர்ம் கணினியிலும் அச்சடிக்கும்.

டிரைவர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. தமிழ் மட்டும் தெரிந்தவர் ஒரு அலுவலகத்துக்குப் போகிறார், கதிரையில் இருப்பவருக்குச் சிங்களம் மட்டும் தெரியும். நடுவில் இரண்டும் தெரிந்த ஒருவர் நின்றால் காரியம் நடக்கும். அவர் வராவிட்டால் இரண்டு பக்கமும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அவர் அரைகுறையாக மொழிபெயர்த்தால் இன்னும் மோசம், தவறான படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். விண்டோஸுக்கும் வன்பொருளுக்கும் நடுவே நிற்கும் அந்த ஆள்தான் டிரைவர்.

அரைகுறை டிரைவர் ஏன் முழுக் கணினியையும் விழுத்துகிறது என்றால், பெரும்பாலான டிரைவர்கள் விண்டோஸின் மையமான கருப்பகுதிக்குள் (கேர்னல்) இருந்தே வேலை செய்கின்றன. ஒரு சாதாரண மென்பொருள் குழம்பினால் அதை மட்டும் மூடிவிடலாம். கருப்பகுதியில் குழம்பினால் முழுக் கணினியும் நின்று நீலத் திரைதான். 2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்களும் வைத்தியசாலைகளும் வங்கிகளும் திணறியது நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர் வாசிக்கும் ஒரு கோப்பு பிழையாகப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். மைக்ரோசொப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்தன.

புதிதாகச் சந்தைக்கு வரும் பொருளில் இந்த ஆபத்து அதிகம். பொருள் தொழிற்சாலையில் தயாராகிவிடும், டிரைவர் எழுதுபவர்கள் இன்னும் முடித்திருக்க மாட்டார்கள். 2022 ஒக்டோபரில் இன்டெல் ஆர்க் கிராபிக்ஸ் கார்ட் ஏ770 வந்தபோது டைரெக்ட்எக்ஸ் 9 என்ற பழைய கிராபிக்ஸ் முறைக்கு எழுதிய விளையாட்டுகள் அதில் தடுமாறின. அதே ஆண்டு டிசம்பரில் வந்த புது டிரைவரோடுதான் பெரிய முன்னேற்றம் தெரிந்தது. கார்ட் அதே கார்ட்தான். இடைப்பட்ட மாதங்களில் முழுக் காசும் கொடுத்து வாங்கியவர்கள்தான் சோதனை செய்து கொடுத்தார்கள். இது சரியில்லை என்பது என் கருத்து. டிரைவர் பொருளின் பாதி. பாதியைக் கொடுத்துவிட்டு முழு விலை வாங்கக்கூடாது.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு நின்றது. அதற்குப் பிறகு புதுக் கணினி வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர். திருகோணமலையில் கிடைக்காத மொடல் என்று கொழும்பில் வாங்கி வருகிறார்கள். பிழை என்றால் திருப்பிக் கொண்டுபோக ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். அதனால் முறையிடாமலே விட்டுவிடுகிறார்கள்.

மூதூரில் இருந்து வந்த ஒரு தங்கச்சியின் விஷயத்தைச் சொல்ல வேண்டும். தகப்பன் கடலுக்குப் போகிறவர். மகளின் கம்பஸ் படிப்புக்காகத் தவணைக்கு லப்டொப் எடுத்துக் கொடுத்திருக்கிறார். விலை குறையும் என்று விண்டோஸ் இல்லாமல் வாங்கியது. விண்டோஸ் போடக் கொடுத்த இடத்தில், "எஸ்.எஸ்.டி. செத்துப் போச்சு, புதுசு போடணும்" என்று சொல்லிவிட்டார்களாம். விண்டோஸும் கோப்புகளும் சேமிக்கப்படும் இடம்தான் எஸ்.எஸ்.டி. அந்தப் பிள்ளை காசு புரட்டிக்கொண்டு வந்திருந்தது.

நான் பென் டிரைவில் இருந்து விண்டோஸை ஓட்டினேன். எந்த இடத்தில் போடுவது என்று கேட்கும் பட்டியல் உண்மையிலேயே வெறுமையாக இருந்தது. இது இன்டெல் 11 ஆம் தலைமுறையில் இருந்து அடிக்கடி வருவது. எஸ்.எஸ்.டி.யைக் கையாளும் வி.எம்.டி. என்ற இன்டெல் வசதி திறந்திருந்தால், இன்டெல்லின் ஸ்டோரேஜ் டிரைவரைக் கொடுக்கும் வரை விண்டோஸ் நிறுவிக்கு எஸ்.எஸ்.டி. கண்ணில் படாது. அதே பக்கத்தில் இருக்கும் "லோட் டிரைவர்" என்பதை அழுத்தி, பென் டிரைவில் வைத்திருந்த கோப்புறையைக் காட்டினேன். சில விநாடிகளில் பட்டியலில் 512 ஜிபி வந்து நின்றது. அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை, கைப்பையைத் திறந்து காசை இன்னும் உள்ளே தள்ளி வைத்தது.

அடுத்த தடை வைஃபை. விண்டோஸ் 11 நிறுவும்போது இணையம் கேட்கும். வைஃபை சில்லுக்கு டிரைவர் இல்லை, டிரைவரை இறக்க இணையம் இல்லை. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டால் உங்கள் அன்ட்ரொய்ட் போனைச் சார்ஜ் வயரால் லப்டொப்பில் கொழுவி, போனின் இணையத்தை வயர் வழியே கொடுக்கும் யு.எஸ்.பி. டெதரிங்கைப் போனில் போடுங்கள். அதற்கான டிரைவர் பெரும்பாலும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கும், போன் டேட்டாவில் மிச்ச வேலையை முடிக்கலாம். தொழிலில் இருப்பவர்களிலும் பலருக்கு இது தெரியாமல் இருப்பது எனக்குக் கவலை.

டிரைவரை எங்கே எடுப்பது என்று கேட்டால், லப்டொப் செய்த நிறுவனத்தின் இணையதளத்தில், பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரை அடித்து எடுங்கள். ஒரே மொடலில் வெவ்வேறு வைஃபை சில்லுகள் போட்டு விற்பது சாதாரணம், அதனால் மொடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். "உங்கள் டிரைவர்கள் எல்லாம் பழையவை, ஒரே அழுத்தில் புதுப்பிக்கிறோம்" என்று வரும் மென்பொருள்களைத் தயவுசெய்து போடாதீர்கள். அவை கொண்டு வரும் தொல்லையை நீக்கவே எனக்கு ஒரு நாள் போகிறது. நன்றாக ஓடிய ஒன்று அப்டேட்டுக்குப் பிறகு கெட்டால், கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மனேஜரில் அந்தச் சாதனத்தைத் திறந்து, முந்திய டிரைவருக்குத் திருப்பும் "ரோல் பேக் டிரைவர்" கொடுத்துப் பாருங்கள். இன்னொன்று, ஷட் டவுன் செய்து போட்டாலும் பல லப்டொப்களில் கருப்பகுதி முழுதாக மூடுவதில்லை. பாஸ்ட் ஸ்டார்ட்அப் அதைச் சேமித்து வைத்து அப்படியே திரும்ப எழுப்பும். டிரைவர்கள் புதிதாக ஏற வேண்டுமென்றால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்பே அதே இணையதளத்தில் அந்த மொடலின் டிரைவர் பக்கத்தைப் போனில் திறந்து பாருங்கள். பொருள் வெளிவந்த நாளில் போட்ட ஒரே ஒரு பதிப்போடு பல மாதம் அப்படியே கிடந்தால் நான் வாங்க மாட்டேன். உங்களிடம் உள்ள பிரிண்டர், பார்கோட் ஸ்கேனர் எல்லாவற்றின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் கடையிலேயே கொழுவிப் பாருங்கள்.

மூதூர்த் தங்கச்சியின் லப்டொப் கதை அதோடு முடியவில்லை. மூடித் திறந்தால் வைஃபை காணாமல் போய்விடும். டிவைஸ் மனேஜரில் மஞ்சள் முக்கோணம், சாதனம் தொடங்கவில்லை என்று சொல்லும் கோட் 10. இரண்டு பதிப்பு மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. இதற்கு மேல் என்னிடம் காசு கொடுத்துப் பார்ப்பது நியாயமில்லை, விற்றவரிடம் போங்கள் என்றேன்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவில் இதற்கு இடம் இருக்கிறது. வொரண்டிக்கு ஒத்து வராத பொருளைப் பற்றி, விற்பனை நடந்து 3 மாதத்துக்குள், எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். விபரம் கேட்க 1977 என்ற இலக்கம் உண்டு. அதனால்தான் பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள் என்றும், "கொஞ்ச நாள் போனால் சரியாகும்" என்ற பேச்சை நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள் என்றும் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளை ஒரு வாரம் கொப்பியில் எழுதியது. எந்தத் திகதி, எத்தனை மணிக்கு வைஃபை போனது, என்ன கோட். மஞ்சள் முக்கோணத்தைப் போனில் மூன்று படமும் எடுத்து வைத்தது. தகப்பனையும் கூட்டிக்கொண்டு பற்றுச்சீட்டோடு கடைக்குப் போனது. கடைக்காரர் முதலில் "விண்டோஸ் போட்டதில்தான் பிழை" என்றாராம். கொப்பியைப் பார்த்த பிறகு லப்டொப்பை வாங்கி வைத்து, இரண்டாவது வாரம் வேறு வைஃபை கார்ட் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் விட்டுப் போகவில்லை என்று வொட்சப்பில் செய்தி வந்தது.