டேஸ்ட் பார்த்ததும் சாப்பிட்டதுதான்

"சாப்பிடல டாக்டர், சும்மா டேஸ்ட்தான் பார்த்தேன்." தண்டையார்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு இந்தப் பதிலைக் கேட்டாலே இப்போதெல்லாம் கோபம் வருகிறது.

இந்தப் பக்கம் கேட்டரிங், பேக்கரி, கிளவுட் கிச்சன் என்று உணவுத் தொழிலில் இருப்பவர்கள் நிறைய. நந்தம்பாக்கம் ட்ரேட் சென்டரில் உணவுக் கண்காட்சி என்றால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். கொடைக்கானல், குன்னூர், ஆரோவில் பக்கம் கையால் செய்யும் சீஸ், இறக்குமதி சீஸ், சலாமி (பதப்படுத்திய இறைச்சி), மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது), கிம்ச்சி (புளிக்க வைத்த கொரிய காய்கறி) என்று ஸ்டாலுக்கு ஸ்டால் பல்குச்சியில் குத்தி நீட்டுவார்கள். தொழிலுக்குத் தேவை, போகட்டும், ருசி பார்க்கட்டும். ஆனால் சிலர் யோசிக்காமல் வாயில் போடக்கூடாது.

சமீபத்தில் வந்தவர் டிபிக்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு கேட்டரிங்காரர். கண்காட்சியில் சீஸ் சுவைத்த கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி, நெஞ்சு படபடப்பு. மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே முடிவு பண்ணி நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் கழித்து, இருமல் அதிகமான பிறகு வருகிறார். அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்றால் வீட்டு இட்லி, மதியம் சாம்பார் சாதம். சீஸ் கணக்கிலேயே இல்லை. இதே மாதிரி முன்பும் வந்திருக்கிறார்கள்; இந்த முறை பொறுமை போய்த்தான் இதை எழுதுகிறேன்.

மாதக்கணக்கில் பழுக்க வைத்த சீஸில் டைரமின் என்ற பொருள் சேரும். சாதாரணமாக உடம்பு அதை உடைத்துவிடும். டிபி மருந்தான ஐசோனியாசிட் அந்த வேலையைக் கொஞ்சம் தடுக்கிறது. எல்லாருக்கும் வராது, பலருக்கு ஒன்றுமே ஆகாது, ஆனால் வருகிறவருக்கு இப்படித்தான் வரும். மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்குக் கொடுக்கும் லினேசோலிட் இன்னும் கவனம் தேவைப்படுவது, ரத்த அழுத்தமே எகிறலாம். அந்த மருந்தின் குறிப்பிலேயே ஒரு வேளைக்கு 100 மில்லிகிராம் டைரமினைத் தாண்டாதீர்கள் என்று போட்டிருக்கிறது.

இப்போது அந்த "சும்மா டேஸ்ட்"டுக்கு வருவோம். ஒரு துண்டு பத்து கிராம் என்றே வையுங்கள். பதினைந்து ஸ்டால் ஏறி இறங்கினால் 150 கிராம். வீட்டில் யாராவது ஒரே வேளையில் 150 கிராம் பழுக்க வைத்த செடார், பார்மேசான் சீஸ் சாப்பிடுவார்களா? தட்டில் வைத்தால் பார்த்து பயந்திருப்பீர்கள், பல்குச்சியில் வந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சாப்பாடு, நின்றுகொண்டு வாயில் போட்டது கணக்கில்லை என்று வயிற்றுக்குத் தெரியாது. முந்திரி, வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர்களுக்கு அந்த ஒரு துண்டுகூட வேண்டாம், முந்திரியோ கடலையோ பட்ட கத்தியால் வெட்டியிருந்தாலே போதும். பால் இல்லாத வீகன் சீஸ் பெரும்பாலும் முந்திரியில்தான் செய்கிறார்கள், கேட்காமல் வாங்காதீர்கள்.

கர்ப்பிணிப் பெண்களிடம் இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். "பாலைக் காய்ச்சித்தானே டாக்டர் சீஸ் பண்றாங்க" என்கிறார்கள். பனீர் அப்படி. எல்லா சீஸும் அப்படி இல்லை, காய்ச்சாத பாலில் செய்வதையே பெருமையாகச் சொல்லி விற்கும் வகைகள் உண்டு. லிஸ்டீரியா என்ற கிருமி பிரிட்ஜ் குளிரிலும் வளரும். அதிலும் பிரீ, காமம்பேர், புளூ சீஸ் மாதிரி ஈரப்பதம் உள்ள மென்மையான வகைகளில் அதற்கு நல்ல வசதி. தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்பு வலியோடு போய்விடும், குழந்தை போய்விடலாம். 1985இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மென்மையான சீஸால் 142 பேருக்கு இந்தத் தொற்று வந்தது. இறப்பு 48, அதில் 30 வயிற்றில் இருந்த சிசுக்களும் பிறந்த குழந்தைகளும். அறிகுறி தெரிய 70 நாள் வரைகூட ஆகலாம் என்பதால் என்றைக்கோ கண்காட்சியில் தின்ற துண்டு யாருக்கும் நினைவிருக்காது.

ஸ்டாலில் கேட்க வெட்கப்படாதீர்கள். பாஸ்சரைஸ் செய்த, அதாவது சூடாக்கிக் கிருமியை அழித்த பாலா, எத்தனை மாதம் பழுக்க வைத்தது, எப்போது வெட்டி வைத்தது? வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததைத் தொடாதீர்கள், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். தெரியாது என்று சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

டிபி மருந்து எடுப்பவர்கள் வீட்டுப் பனீரைத் தாராளமாகச் சாப்பிடலாம், புரதம் வேண்டும். பழுக்க வைத்த சீஸ் மட்டுமில்லை, டைரமின் சேரும் சலாமி, மிசோ, சோயா சாஸும் வேண்டாம். அப்புறம், காசிமேட்டில் வாங்கும் சூரை மீனுக்கும் இது பொருந்தும். ஐஸ் சரியாகப் போடாத சூரையில், அலர்ஜி மாதிரி முகத்தைச் சிவக்க வைக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் ஏறிவிடும், குழம்பில் கொதித்தாலும் போகாது, ஐசோனியாசிட் எடுப்பவரை அது இன்னும் படுத்தும்.

நம் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய டிபி ஆய்வு மையம்தான், சானடோரியம் என்ற டிபி மருத்துவமனையில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து எடுத்தாலும் அதே அளவு குணமாகும் என்று உலகத்துக்குக் காட்டியது. அதனால்தான் இன்றைக்கு நோயாளி வேலைக்கும் போகிறார், கண்காட்சிக்கும் போகிறார். வெளியே என்னென்ன சாப்பிடுவார் என்று மாத்திரை கொடுக்கும் இடத்தில் ஒரு நிமிடம் ஒதுக்கிக் கேட்க வேண்டும் என்று என்னோடு வேலை செய்கிறவர்களிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

முகம் சிவந்து படபடப்பு வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், அன்று வாயில் போட்டது அத்தனையையும் சொல்லுங்கள். தாங்க முடியாத தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள், இல்லை ஆட்டோ பிடித்து நேராக ஸ்டான்லி கேஷுவாலிட்டிக்குப் போங்கள், மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு.