பிள்ளையின் கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல

ஒரே வாரத்தில் என்னிடம் வந்த மூன்றாவது கழுத்து அது. முதல் இரண்டு குடும்பங்களுக்கும் பொறுமையாக விளக்கிச் சொல்லி அனுப்பிய எனக்கு, மூன்றாவது பிள்ளை துப்பட்டாவை விலக்கியபோது கோபம் வந்துவிட்டது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 13 வயதுப் பெண். சித்தப்பாவின் திருமணத்திற்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் உறவினர் வந்து இறங்குவதற்குள் கழுத்துக் கருமையைப் போக்கிவிட வேண்டும் என்று, எலுமிச்சைச் சாற்றையும் ஆப்பசோடாவையும் குழைத்துப் பூசி, பீர்க்கங்காய் நாரால் ஒரு வாரம் தேய்த்திருக்கிறார்கள். தோல் உரிந்து, பிடரியில் இரண்டு இடங்களில் சீழ் கோத்திருந்தது. "டாக்டரம்மா, எம்புட்டுத் தேய்ச்சும் இந்த அழுக்கு போகமாட்டேங்குது" என்றார் உடன் வந்த அப்பத்தா. "ஆச்சி, நீங்க தேய்ச்சது அழுக்கை இல்ல, பிள்ளையோட தோலை" என்று சொன்னேன். என் குரல் சற்று உயர்ந்துதான் இருந்திருக்கும். வெளியில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் கடைசிவரை தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

காரைக்குடிப் பக்கத்தில் குழந்தை மருத்துவம் பார்ப்பவள் என்ற முறையில், எத்தனை முறை வேண்டுமானாலும் இதைத் திரும்பச் சொல்ல ஆயத்தமாக இருக்கிறேன். கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் சில நேரம் தொடை இடுக்கிலும் விரல் முட்டிகளிலும், வெல்வெட் துணியைத் தொட்டதுபோல் தடித்துக் கருத்துக் காணப்படும் அந்தத் தோலுக்கு மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். உடல் எடை கூடி, ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் என்ற ஹார்மோன் சரிவர வேலை செய்யாமல், அதை ஈடுகட்ட உடல் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கும் பிள்ளைகளிடம்தான் இதைப் பெரும்பாலும் பார்க்கிறோம். மிகுதியான இன்சுலின் தோலை ஏன் தடிக்கச் செய்கிறது என்ற வேதியியலுக்குள் நான் போகப்போவதில்லை. கருமை மேலே படிந்ததன்று, தோலே அப்படி வளர்ந்திருக்கிறது என்பதை மட்டும் புரிந்துகொண்டால் போதும். மேலே படிந்ததைத்தான் கழுவ முடியும்.

"நல்லாக் குளிக்கிறதில்லை, அதான்" என்கிறார்கள். அந்தக் கழுத்துக்குரிய பிள்ளைதான் வீட்டிலேயே அதிக நேரம் குளியலறையில் செலவழிக்கும் பிள்ளையாக இருக்கும். "வெயில்லே கறுத்துப் போச்சு" என்பார்கள் சிலர். வெயில் அக்குளுக்குள் புகுந்து கறுக்க வைக்குமா என்று திருப்பிக் கேட்டால் பதில் வருவதில்லை. "செயின் உராய்ஞ்சு வந்தது" என்பது இன்னொன்று. சங்கிலியே அணியாத பையன்களுக்கும் இது வருகிறது. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: சோப்புக்குப் போகாமல், ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தவுடன் போய்விடும் ஒருவகைக் கருமையும் உண்டு. அதனால்தான் சந்தேகம் வரும்போது நாங்கள் முதலில் பஞ்சை எடுக்கிறோம். ஆனால் தொட்டால் தடிப்பாகத் தெரியும் தோலுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. நம் ஊர் வீடுகளில் முட்டைப் பூச்சுச் சுவரைத் தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு ஏறியது உண்மைதான். பிள்ளையின் கழுத்து சுவரன்று, தேய்க்கத் தேய்க்க அது இன்னும் தடிக்கும், புண்ணாகி ஆறிய இடமோ முன்பைவிடக் கருக்கும்.

தோலைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், என்னை உறுத்துவது அந்தப் பெண் பிறகு தனியாகச் சொன்னவைதான். (வளரிளம் பருவத்துப் பிள்ளைகளிடம் பெரியவர்களை வெளியே அமரச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் பேசுவது எங்கள் வழக்கம், தயவுசெய்து அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம்.) பள்ளியில் சடையை இரட்டையாகப் பின்னி மடித்துக் கட்ட வேண்டும் என்பது விதி, அப்படிக் கட்டினால் பிடரி முழுவதும் வெளியே தெரியும். பின்னால் யாரும் உட்காரக் கூடாது என்பதற்காகவே அவள் கடைசி பெஞ்சுக்கு மாறியிருக்கிறாள். படிப்பில் அக்கறை குறைந்துவிட்டதென்று ஆசிரியை நினைத்திருக்கிறார். கைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தவள் அதையும் விட்டுவிட்டாள். தான் சுத்தமில்லாதவள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்டுகளாக வீட்டில் நாள்தோறும் சொல்லப்பட்ட ஒன்றை அவள் எப்படி நம்பாமல் இருப்பாள்?

செட்டிநாட்டுத் திருமண வீடுகளை நன்கு அறிந்தவள் நான். முகப்பில் நுழைந்து வளவைத் தாண்டிப் பந்தி நடக்கும் இடத்திற்குப் போய்ச் சேர்வதற்குள், ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றிக் குறைந்தது ஐந்து பேர் கருத்துச் சொல்லிவிடுவார்கள். "என்னத்தா, இப்படி ஊதிப் போயிட்ட", "ஆத்தா நிறத்துலே பாதிகூட வரலையே", "இன்னும் ரெண்டு வருஷத்துலே மாப்பிள்ளை பாக்கணும், ஞாபகம் இருக்கட்டும்". இவை எல்லாம் பாசத்தில் சொல்லப்படுபவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஊதிப்போய்விட்டாய் என்று சொன்ன அதே கைதான் அடுத்த நிமிடம் அவள் இலையில் மூன்றாவது கந்தரப்பத்தையும் வைக்கிறது. வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவு, சாப்பிட்டால் அடக்கமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை எங்கே நிற்பாள் என்று யாரும் யோசிப்பதில்லை.

சொல்லிச் சொல்லித்தான் எடை குறையும், ரோஷம் வந்தால் தானாக இளைப்பாள் என்று நம்புகிறவர்களுக்காக ஒன்று. பிள்ளைகளின் எடையைப் பற்றி வீட்டில் பேசுவதையும் கேலி செய்வதையும் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. உடல் பருமனுக்கும், பட்டினி கிடப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது போன்ற உணவுக் கோளாறுகளுக்கும் சேர்த்தே சொல்லப்பட்ட அறிவுரை அது. ரோஷம் வந்த பிள்ளை காலை உணவை விடுகிறது, மதிய டப்பாவைத் தோழிக்குக் கொடுத்துவிடுகிறது, மாலையில் பசி தாங்காமல் சீடையும் முறுக்கும் இருக்கும் தூக்குச்சட்டியைத் தேடிப் போகிறது, பிறகு குற்ற உணர்வில் மறுநாளும் பட்டினி கிடக்கிறது. விளையாடப் போனால் கேலி செய்வார்கள் என்று விளையாட்டையும் நிறுத்திவிடுகிறது. எடை கூடும், கழுத்து இன்னும் கருக்கும், வீட்டில் திட்டும் கூடும்.

என் தவறு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். பல ஆண்டுகளாக என் மருத்துவமனையில் எடை பார்க்கும் கருவி, எல்லோரும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில்தான் இருந்தது. உதவியாளர் எடையை உரக்கப் படிப்பார். நான் உள்ளிருந்து குறித்துக்கொள்வேன். ஒருநாள் ஒரு பையன் கருவியில் ஏற மறுத்து அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது கருவி என் அறைக்குள், திரைக்குப் பின்னால் இருக்கிறது.

பையன்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. உடல் பற்றிய கூச்சம் பெண் பிள்ளைகளுக்கே உரியது என்று எண்ணிவிடாதீர்கள். 13, 14 வயதில் பையன்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மார்பில் சிறிது திசு வளர்ச்சி ஏற்படும். ஹார்மோன் மாற்றத்தால் வருவது, பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் தானே மறைந்துவிடும். ஊரணியில் குதித்துக் குளித்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று சட்டையைக் கழற்ற மறுத்தால், கேலி செய்யாமல் என்னிடம் அழைத்து வாருங்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ பரிந்துரைத்த டப்பாப் பொடியை அவன் வாங்குவதற்கு முன்பு வந்தால் இன்னும் நல்லது.

களிம்பு விஷயத்தில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முகம் வெளுப்பதற்கென்று கடையில் கேட்டு வாங்கும் குழாய்களுள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் முதலிய 14 ஸ்டீராய்டுகள் கொண்ட களிம்புகளை மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் ஆணை பிறப்பித்தது. ஆணை இருக்கிறது, களிம்பும் தாராளமாகக் கிடைக்கிறது. முதல் சில வாரம் முகம் வெளுக்கும். பிறகு தோல் மெலிந்து சிவந்து, பருவும் முடியும் கிளம்பி, நிறுத்தினால் எரியும் நிலைக்கு வந்துவிடும். கழுத்தில் பூசியவர்களையும் பார்த்திருக்கிறேன். குழாயில் எழுதியிருப்பதைப் படியுங்கள், விளங்காவிட்டால் பூசாதீர்கள்.

கழுத்து கருத்திருப்பதாலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டதாகப் பொருளில்லை. ஆனால் பார்த்தாக வேண்டும். எடை, உயரம், ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு, கல்லீரல் பரிசோதனை ஆகியவை போதும். மாதவிடாய் ஒழுங்காக வராத பெண் பிள்ளை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒல்லியான பிள்ளைக்கு இந்தக் கருமை வந்தாலோ, திடீரென வேகமாகப் பரவினாலோ காரணம் வேறாக இருக்கலாம், தாமதிக்க வேண்டாம். மேலே சொன்ன பெண்ணுக்கு ஹெச்பிஏ1சி 5.9 சதவீதம் இருந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. திருப்ப முடிகிற நிலை.

திருப்புவது எப்படி என்றால், பிள்ளைக்கென்று தனிச் சமையல் வைத்துத் தண்டிப்பதால் அல்ல. வீடு முழுவதும் ஒரே சாப்பாட்டைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். இனிப்புப் பானங்களை வாங்கி வைக்காதீர்கள். பணியாரம் விசேஷ நாளில் இருக்கட்டும், அன்று அவள் சாப்பிடும்போது எண்ணாதீர்கள். நாள்தோறும் ஒரு மணி நேரமாவது அவள் ஓடி ஆடட்டும். கைப்பந்துக்குத் திரும்ப அனுப்புங்கள். இரவு எட்டு மணி நேரம் தூங்கட்டும், கைப்பேசி உங்கள் அறையில் இருக்கட்டும். கழுத்து வெளுக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவும் ஓரளவுதான். வாரந்தோறும் துப்பட்டாவை விலக்கிப் பார்க்காதீர்கள்.

சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போய் வாந்தி எடுப்பது, மாதவிடாய் நின்றுபோவது, மயங்கி விழுவது, தன்னையே வெறுத்துப் பேசுவது ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் எடையைப் பற்றிய பேச்சை அன்றே நிறுத்திவிட்டு அழைத்து வாருங்கள். இரவில் பதற்றமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது; தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை.

பரிசோதனைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு அழைத்து வாருங்கள். ரத்தம் எடுத்தவுடன் கொடுக்க வீட்டிலிருந்து நாலு இட்லி கொண்டு வாருங்கள். பீர்க்கங்காய் நாரை மட்டும் பாத்திரம் கழுவும் இடத்திற்கு மாற்றிவிட்டு வாருங்கள், ஆச்சி.