பிழை காட்டவில்லை என்றால் கணக்கு சரியா?

இந்த மாதத்தில் நான் பார்க்கப் போன பிழையான எக்ஸல் கணக்குகளில் இது மூன்றாவது. முதல் இரண்டும் சம்பளப் பட்டியல்கள். ஒன்று உப்புவெளியில், மற்றது கிண்ணியாவில். இது திருகோணமலை நகரில் மீன் கொள்வனவு செய்யும் ஒருவருடைய கணக்கு. மூன்றிலும் ஒரே வியாதி.

படகுகள் கொண்டுவரும் மீனின் பெயரும் நிறையும் ஒரு ஷீட்டில், அன்றைய விலை இன்னொரு ஷீட்டில். பெயரைப் பார்த்து விலையை எடுத்துவர வீலுக்அப் என்ற எக்ஸல் ஃபோர்முலா. தினமும் ஃபோர்முலாவை இழுத்து இழுத்து அலுத்துப்போய், யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பிய மேக்ரோவை, அதாவது எக்ஸலுக்குள் ஓடும் சிறு நிரலை, ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பொத்தான், எல்லா விலையும் நிரம்பிவிடும். ஒருநாள் அறக்குளாவுக்குக் கீழே இருந்த விளைமீனுக்கும் அறக்குளாவின் 2,200 ரூபாய் விழுந்தது. முதலாளி கணக்கு எழுதும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டார், தெரிந்த படகுக்குக் கூட்டிப் போட்டாளாம். நான் போனபோது அவள் அழுத முகத்தோடு இருந்தாள்.

பழைய வரிகளைப் புரட்டினேன். மூன்று கிழமையாக விளைமீன் பெரும்பாலும் பாரைக்குக் கீழே வந்திருக்கிறது. பாரை விலை 1,300 அப்படியே விளைமீனுக்கும் விழுந்திருக்கிறது. சரியான விலை 1,450. கிலோவுக்கு 150 ரூபாய் படகுக்காரரிடமிருந்து போனது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

“பிழை எண்டு ஒண்டும் காட்டேல்லையே?” என்றார் முதலாளி. எங்கே போனாலும் இதே கேள்விதான். ஐயா, காட்டாது. காட்டக் கூடாது என்று அந்த மேக்ரோவிலேயே எழுதியிருக்கிறது. ‘ஒன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட்’ என்ற அந்த வரியின் பொருள், பிழை வந்தால் பேசாமல் அடுத்த வரிக்குப் போ என்பது. பெயர் பட்டியலில் கிடைக்காதபோது ‘வொர்க்‌ஷீட்ஃபங்ஷன்’ வழியாக அழைத்த வீலுக்அப் 1004 என்ற பிழையோடு நிற்க வேண்டும். இங்கே நிற்காது. விலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் பெட்டியில், அதாவது மாறியில், முந்தின மீனின் விலை அழியாமல் கிடக்கும். அடுத்த வரி அதை எடுத்து இந்த மீனுக்கு எழுதிவிடும். வெற்றுக் கட்டமாக விட்டிருந்தாலாவது யாராவது கேட்டிருப்பார்கள். பிழைச் செய்தி வராததும் கணக்கு சரியாக இருப்பதும் ஒன்றல்ல. தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

சரி, இருக்கிற பெயர் ஏன் கிடைக்கவில்லை? விலைப்பட்டியல் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. விளைமீன் மட்டும் ஃபோனிலிருந்து ஒட்டிய யுனிகோட். திரையில் இரண்டும் தமிழ்தான். ஆனால் பாமினியில் ‘அம்மா’ என்பது எக்ஸலுக்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எப்படிப் பொருந்தும்? பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் இருந்தாலும் இதே கதைதான். சம்பளப் பட்டியல்களில் 12 இலக்க அடையாள அட்டை எண் ஓரிடத்தில் எண்ணாகவும் இன்னோரிடத்தில் எழுத்தாகவும் கிடந்தது. மீனுக்கும் ஆளுக்கும் 101, 102 என்று ஒரு குறியீடு கொடுத்து அதைத் தேடுங்கள். மேக்ரோ எழுதும் விபிஏ எடிட்டரில் தமிழ்ப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும் என்பதால், கோட் எழுதுபவருக்கும் அது நிம்மதி.

அந்த ‘ரெசியூம் நெக்ஸ்ட்’ வரியை இன்றே தூக்குங்கள். ‘அப்ளிகேஷன் டொட் வீலுக்அப்’ என்று அழைத்து, விடையை வேரியன்ட் மாறியில் (விலையோ பிழையோ எதையும் ஏற்கும் மாறி) வாங்கி, அது பிழையா என்று ‘இஸ்எரர்’ கொண்டு பாருங்கள். கிடைக்காவிட்டால் கட்டத்தில் ‘விலை இல்லை’ என்று எழுதிச் சிவப்படியுங்கள். வீலுக்அப்பின் அடைப்புக்குறிக்குள் நான்காவது இடத்தில் ஃபோல்ஸ் போடாமல் விடவே வேண்டாம். விட்டால் கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துவரும். ஓட்டுமுன் கோப்பைப் பிரதி எடுங்கள். மேக்ரோ எழுதியதை கன்ட்ரோல் இசட் மீட்டுத் தராது, எத்தனை தரம்தான் சொல்வது!

இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். பிரதியில் கடைசி வரியில் கடலிலேயே இல்லாத ஒரு மீன் பெயரை எழுதிப் பொத்தானை அழுத்துங்கள். அதற்கும் ஒரு விலை வந்தால், நாளை காலை யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். கணக்கு எழுதும் பிள்ளையையும் ஏச வேண்டாம்.