ஈரம் வற்றினால் தீ பற்றும்

மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி, சுடர் நன்றாக நின்று எரிந்ததும் ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை இழை எழும். அது கலைவதற்குள், எரியும் தீக்குச்சியைத் திரியில் படாமல் ஓரிரு சென்டிமீட்டர் மேலே அந்தப் புகைக்குள் காட்டுங்கள். தீ புகையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, திரியை மறுபடி ஏற்றிவிடும். மைக்கேல் ஃபாரடே 1860-இன் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய சொற்பொழிவுகளில் இதைச் செய்து காட்டினார். அந்தப் புகை ஆவியாகி மறுபடி உறைந்த மெழுகு. சுடராக எரிவது அந்த ஆவிதான்.

கட்டை, காகிதம், துணி, சருகு எல்லாமே இப்படித்தான். சுமார் 250, 300 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அவை சிதைந்து வாயுவாக வெளியேறுகின்றன. அந்த வாயு ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. சரி, கோடை வெயில் 40 டிகிரிதானே, அதற்கும் 250-க்கும் எவ்வளவு தூரம்? அப்புறம் ஏன் கோடையில் மட்டும் இத்தனை தீ?

நடுவில் காவல் நிற்பது தண்ணீர். 30 டிகிரியில் உள்ள ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 290 கிலோஜூல் வேண்டும். அதையே நீராவியாக்க இன்னும் 2,260 கிலோஜூல், அதாவது கிட்டத்தட்ட எட்டு மடங்கு. பச்சைப் புல்லில் தீக்குச்சியைப் போட்டால், அந்தச் சூடு முழுக்க ஈரத்தை விரட்டுவதிலேயே தீர்ந்துபோகும். வெயில் இந்தக் காவலைத்தான் அகற்றுகிறது.

அதுவும் நாம் நினைப்பதைவிட வேகமாக. விடிகாலையில் காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்று மதியம் 40 டிகிரிக்கு ஏறினால், ஒரு சொட்டு நீர்கூடக் குறையாமலேயே ஈரப்பதம் 19 சதவீதத்துக்கு இறங்கிவிடும், ஏனென்றால் சூடான காற்றால் மூன்று மடங்குக்கு மேல் நீராவியைத் தாங்க முடியும். பசித்த காற்று அது, கண்ணில் பட்ட ஈரத்தையெல்லாம் உறிஞ்சும். 6 மில்லிமீட்டருக்கும் மெல்லிய காய்ந்த புல்லும் சருகும் சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே மாறிவிடும். பருமனான மரக்கட்டைக்கு வாரக்கணக்கில் ஆகும். நேற்று மழை பெய்ததே என்று இன்று மதியம் காய்ந்த புல்லை நம்ப முடியாது.

காய்ந்த புல்லைப் பற்றவைக்கச் சின்னச் சூடு போதும். புல்வெட்டும் எந்திரத்தின் கத்தி கல்லில் மோதித் தெறிக்கும் பொறி, ஓடி நின்ற வண்டியின் சைலன்சர், அணைக்காமல் எறிந்த சிகரெட். அதனால் புல் வெட்டுவது, வெல்டிங் செய்வது போன்ற வேலைகளைப் பனி ஈரம் உலராத காலையிலேயே முடித்துவிடுங்கள். வண்டியைப் புல் மேல் நிறுத்தாதீர்கள்.

எனக்கு இதையெல்லாம்விட அதிகக் கவலை, அணைந்துவிட்டது என்று விட்டுப்போகும் அடுப்புத் தணல். நீறு பூத்த நெருப்பு என்று நம்மவர்கள் சும்மா சொல்லவில்லை. வாயுவெல்லாம் போய்க் கரி மட்டும் மிஞ்சிய பிறகு சுடர் இருக்காது, ஆனால் கரியின் மேற்பரப்பே நேரடியாக ஆக்சிஜனோடு சேர்ந்து கனன்றுகொண்டிருக்கும். மேலே படியும் சாம்பல் ஒரு கம்பளிபோல அந்தச் சூட்டைப் பொத்தி வைக்கும். மணலையோ மண்ணையோ போட்டு மூடினாலும் அதே கதைதான், சூடு உள்ளேயே மணிக்கணக்கில் தங்கிவிடும். மேலே பார்த்தால் வெறும் மண். வெறுங்காலுடன் ஓடும் குழந்தைக்கு அது தெரியாது. தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள். 'உஸ்' சத்தம் நின்ற பிறகு புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் இன்னொரு வாளி வேண்டும்.

பரவத் தொடங்கிய தீ மேட்டை நோக்கி ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஏனென்றால் சுடர் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுகிறது. வீடுகள் எரிவதற்குப் பெரும்பாலும் காற்றில் பறந்து வரும் கங்குகளே காரணம். 1997 முதல் 2000 வரை கனடாவின் வடமேற்கில் ஆய்வுக்காகவே காட்டை எரித்துப் பார்த்தார்கள். எரியும் மரங்களிலிருந்து 10 மீட்டரில் நிறுத்திய மரச்சுவர்களில் சில பற்றிக்கொண்டன, 20, 30 மீட்டரில் நின்றவை பற்றவில்லை. ஆனால் கங்கு அதையும் தாண்டி நூற்றுக்கணக்கான மீட்டர் பறந்து வந்து, கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாயில் கிடக்கும் சருகில் உட்காரும். கூரையையும் சுவரோரத்தையும் பெருக்கிச் சுத்தமாக வைப்பது அவ்வளவு முக்கியம்.

வீட்டுக்குள் கதை கொஞ்சம் வேறு. இங்கே குறைவது ஈரமல்ல, தாங்கும் அளவு. வயரின் மேல் இருக்கும் சாதாரண பிவிசி உறை 70 டிகிரி வரை தாங்கும் என்ற கணக்கில் செய்யப்படுகிறது. அறை 20 டிகிரியில் இருந்தால், மின்சாரம் ஓடி வயர் இன்னும் 50 டிகிரி சூடாகலாம். அறையே 40 டிகிரி என்றால் மிச்சம் 30-தான். ஓடும் மின்சாரத்தின் அளவான ஆம்பியர் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்காகும் என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், குளிரில் தாங்கிய சுமையில் முக்கால் பங்கைத்தான் அந்த வயர் இப்போது தாங்கும். ஏசியும் ஃபிரிட்ஜும் ஓயாமல் ஓடுவதும் இந்த நாட்களில்தான்.

ஏசியின் பிளக்கை உருவி அதன் பின்களைப் பாருங்கள். மூன்றில் ஒன்று மட்டும் கறுத்து, அது நுழையும் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், உள்ளே பிடிப்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். தளர்ந்த இடத்தில் கால் ஓம் மின்தடை இருக்கிறது, 10 ஆம்பியர் ஓடுகிறது என்றால் அங்கே 25 வாட் சூடு உண்டாகும். ஈயம் உருக்கும் சின்ன சால்டரிங் அயர்னின் சக்தி அது. அதை ராத்திரி முழுக்க சாக்கெட்டுக்குள் சொருகி வைத்ததுபோல. மின்சாரம் அளவுக்கு மீறி ஓடினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்ச் இதற்கு விழாது, ஓடும் ஆம்பியர்தான் கூடவில்லையே! சூட்டில் உலோகம் களிம்பேறும், மின்தடை கூடும், சூடு இன்னும் ஏறும். சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருட்டியபடியே பயன்படுத்தாதீர்கள், உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லை.

லித்தியம் பேட்டரிகளைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வெயிலில் நின்ற வண்டியிலிருந்து எடுத்த பேட்டரியை ஆறவிட்டுத்தான் சார்ஜில் போட வேண்டும். தலையணைக்கடியில் போன் சார்ஜ் ஏறுவதும் ஆபத்தே. மண்ணெண்ணெயையும் கோடையில் நம்பக் கூடாது. சுமார் 38 டிகிரியைத் தாண்டினால், தீக்குச்சி காட்டியதும் பற்றும் அளவுக்கு அதன் மேல் ஆவி நிற்கும்.

கடைசியாக, பலர் நம்ப மறுக்கும் ஒன்று. மரச்சாமானுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணி, யாரும் நெருப்பு வைக்காமலேயே எரியும். இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, ஆக்சிஜனை உறிஞ்சித்தான் கெட்டியாகிறது, அப்போது வெப்பம் வெளிவரும். மரத்தின் மேல் மெல்லிய பூச்சாக இருக்கும்போது அந்த வெப்பம் காற்றில் போய்விடும். கசக்கி மூலையில் எறிந்த துணியில் வெளியேற வழியில்லை. 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதனால் 40 டிகிரி அறையில் அது 20 டிகிரியில் இருப்பதைப்போல நான்கு மடங்கு வேகத்தில் தொடங்கும். சில மணி நேரத்தில் துணி உள்ளுக்குள் கனன்று, எல்லாரும் தூங்கிய பிறகு சுடர்விடும். வேலை முடிந்ததும் துணிகளை வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போடுங்கள். தூக்கி எறிவதாக இருந்தால் தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, டப்பாவை வீட்டைவிட்டுத் தள்ளி நிழலில் வையுங்கள்.