மாநிலச் சட்டத்தில் சந்தேகம் வந்தால் ஃபெடரல் நீதிமன்றம் யாரைக் கேட்கும்?

அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் தனி, ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றங்கள் தனி. வாதியும் பிரதிவாதியும் வெவ்வேறு மாநிலத்தவராக இருந்து, வழக்குத் தொகை 75,000 டாலரைத் தாண்டினால், விபத்து இழப்பீடு, இன்சூரன்ஸ் தகராறு போன்றவற்றையும் ஃபெடரல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அங்கேயும் இவற்றுக்குப் பொருந்துவது மாநிலச் சட்டம்தான். 1938-ல் ஈரி ரயில்ரோடு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது.

அந்தச் சட்டத்துக்கு என்ன பொருள் என்று மாநில உச்ச நீதிமன்றம் இதுவரை தீர்ப்பே சொல்லவில்லை என்றால்? ஃபெடரல் நீதிபதி ஊகித்துத் தீர்ப்பு எழுதலாம். பிறகு மாநில நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னால், அந்த ஊகத்தால் தோற்றவர் பாடு திண்டாட்டம்தான். அதனால்தான் கேள்வியை எழுத்தில் அனுப்பி, மாநில உச்ச நீதிமன்றத்திடமே விடை கேட்கும் வழி வந்தது. 1945-ல் ஃப்ளோரிடா முதலில் சட்டம் இயற்றியது. இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் இந்த வழி உண்டு.

2016-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் நடந்த போராட்டத்தில், யாரோ எறிந்த கனமான பொருள் பட்டு ஒரு போலீஸ்காரர் படுகாயமடைந்தார். எறிந்தவர் யாரென்று தெரியவில்லை. போராட்டத்தை முன்நின்று நடத்தியதாக டிரே மெக்கெசன் மீது அவர் வழக்குப் போட்டார். வழக்கு மனுவில் சொன்னது உண்மையானால், லூசியானா சட்டப்படி மெக்கெசனுக்குப் பொறுப்பு உண்டு என்று ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தானே முடிவுகட்டியது. 2020 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: போராட்டம் நடத்தியவரைப் பொறுப்பாக்குவது பேச்சுரிமைக்கு முரணா என்ற பிரச்சினையைத் தொடுமுன் லூசியானா உச்ச நீதிமன்றத்தைக் கேளுங்கள் என்றது. 2022 மார்ச்சில் விடை வந்தது. மனுவில் சொல்லியபடி நடந்திருந்தால் பொறுப்பு உண்டு என்பதே அது. கேட்டு வாங்கியதும் அதே பதில்தான்; ஆனால் இப்போது சொன்னது, சொல்ல உரிமையுள்ள நீதிமன்றம்.

கேள்வி அனுப்பச் சொல்லி வழக்குத் தரப்பினர் மனுப் போடலாம். உரிமையாகக் கோர முடியாது. ஃபெடரல் நீதிமன்றத்தைத் தாமே தேர்ந்தெடுத்து, அங்கே தோற்ற பிறகு கேட்டால் நீதிபதிகள் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட. கேள்வியோடு வழக்கின் விவரச் சுருக்கமும் போகும். சாட்சி விசாரணை மறுபடி நடக்காது. யார் அனுப்பலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கேட்டால்தான் எடுத்துக்கொள்வார்கள். கீழ்நிலை ஃபெடரல் நீதிபதி நேரடியாக அனுப்ப முடியாது.

மாநில நீதிமன்றம் கேள்வியைத் திருத்தி எழுதிக்கொள்ளலாம், பதில் சொல்ல மறுக்கவும் செய்யலாம். மறுத்துவிட்டால், ஃபெடரல் நீதிபதி பழையபடி ஊகித்துத்தான் தீர்ப்பு எழுத வேண்டும்.