பேசலாம், வாக்களிக்க முடியாது: அலாஸ்காவும் வாக்கற்ற பிரதிநிதியும்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் 435 பேர். அவர்களைத் தவிர இன்னும் ஆறு பேர் அதே அவையில் அமர்கிறார்கள். தலைநகர் வாஷிங்டன், புவேர்ட்டோ ரிக்கோ, குவாம், அமெரிக்க விர்ஜின் தீவுகள், அமெரிக்க சமோவா, வடக்கு மரியானா தீவுகள் ஆகியவற்றின் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய இவர்கள் மசோதா கொண்டுவரலாம், விவாதத்தில் பேசலாம், குழுக்களில் வாக்களிக்கலாம். ஆனால் ஒரு மசோதாவை அவை ஏற்கிறதா இல்லையா என்று முடிவாகும் வாக்கெடுப்பில் இவர்களுக்கு இடமில்லை. இந்த விநோதமான ஏற்பாடு இன்றைய அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தைவிடவும் இரண்டு மாதங்கள் மூத்தது.

1787 ஜூலை 13 அன்று, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், அன்று ஒரே அவை கொண்டது, ஓஹையோ ஆற்றுக்கு வடமேற்கே இருந்த பரந்த நிலத்தை ஆள ஓர் அவசரச் சட்டம் இயற்றியது. அதன்படி புதிய பிரதேசம் ஒன்று மூன்று படிகளில் வளரும். முதலில் மேலிடம் அனுப்பும் ஆளுநரும் நீதிபதிகளும் ஆள்வார்கள். வயதுவந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் குடியேறியதும் அங்கே ஒரு சட்டமன்றம் அமையும். அந்தச் சட்டமன்றம் காங்கிரசுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பும். தற்காலிக ஆட்சி நீடிக்கும் வரை அவருக்கு விவாதிக்கும் உரிமை உண்டு, வாக்களிக்கும் உரிமை இல்லை. சுதந்திரக் குடிகளின் எண்ணிக்கை 60,000 ஆனதும் அந்தப் பகுதி முழு மாநிலமாகிவிடும். அந்த மண்ணில் தலைமுறைகளாக வாழ்ந்துவந்த பழங்குடி மக்கள் இந்தக் கணக்கு எதிலும் இடம்பெறவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆக, வாக்கற்ற பிரதிநிதி என்ற பதவி சில ஆண்டுகளில் காலாவதியாகிவிட வேண்டிய ஓர் இடைக்கால ஏற்பாடாகவே வகுக்கப்பட்டது. அடுத்து வந்த அரசமைப்புச் சட்டம், பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர்களை மாநிலங்களின் மக்களே தேர்ந்தெடுப்பார்கள் என்றது. மாநிலமாகாத பிரதேசங்களை ஆளும் அதிகாரத்தைக் காங்கிரசிடமே விட்டது. வாக்கற்ற பிரதிநிதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இந்த மௌனத்தால் முதல் பிரதிநிதி வந்து நின்றபோதே அவை குழம்பிப்போனது. 1794-இல் தென்மேற்குப் பிரதேசத்திலிருந்து, அதாவது பின்னாளில் டென்னசி மாநிலமான பகுதியிலிருந்து, ஜேம்ஸ் வொயிட் என்பவர் வந்தார். அவசரச் சட்டம் எழுதப்பட்டபோது காங்கிரசுக்கு ஒரே அவைதான் இருந்தது, இப்போதோ இரண்டு. அவர் எந்த அவையில் உட்கார வேண்டும்? மேலவையான செனட்டின் உறுப்பினர்களைப் போலவே அவரையும் சட்டமன்றம்தானே தேர்ந்தெடுத்தது, எனவே செனட்டுக்குப் போகட்டும் என்று சிலர் வாதிட்டார்கள். அவர் உறுதிமொழி எடுக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. அவர் உறுப்பினரே அல்லர், ஆகவே உறுதிமொழி எடுக்குமாறு அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று சபை உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன் வாதிட்டார். இறுதியில் பிரதிநிதிகள் சபை அவருக்கு இருக்கை தந்தது, உறுதிமொழியைக் கேட்கவில்லை, மற்றவர்களுக்கு உரிய ஊதியத்தையும் இலவச அஞ்சல் சலுகையையும் மட்டும் வழங்கியது. பிரதேசப் பிரதிநிதிகள் பிரதிநிதிகள் சபைக்கே உரியவர்கள் என்று சட்டம் தெளிவாக வரையறுக்க 1817 வரை ஆனது.

வாக்கில்லாதவரால் என்ன செய்துவிட முடியும் என்ற ஐயத்துக்கு முதல் பதில் விரைவிலேயே கிடைத்தது. வடமேற்குப் பிரதேசத்தின் முதல் பிரதிநிதியாக 1799-இல் வந்த வில்லியம் ஹென்றி ஹாரிசன், பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானவர், பொது நிலங்களை விற்கும் முறையையே மாற்றிய 1800-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் காரணமாக இருந்தார். அதுவரை ஒருவர் குறைந்தது 640 ஏக்கர் வாங்க வேண்டியிருந்தது. புதிய சட்டம் அதை 320 ஏக்கராகக் குறைத்து, நான்கு ஆண்டுக் கடன் தவணையும் கொடுத்தது.

இது எப்படிச் சாத்தியமானது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு மசோதா சட்டமாகும் பாதையைக் கவனிக்க வேண்டும். யாராவது அதை எழுதி அவையில் அறிமுகப்படுத்த வேண்டும். ஒரு குழு அதை எடுத்து ஆராய வேண்டும். விவாதத்துக்கு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். திருத்தங்கள் பேசப்பட வேண்டும். அதன் பிறகே வாக்கெடுப்பு. வாக்கற்ற பிரதிநிதிக்கு இந்தப் பாதையின் கடைசி வாசலைத் தவிர மற்றவை ஏறத்தாழ திறந்தே இருந்தன. நூற்றுக்கணக்கானோர் கூடும் அவையில் ஒரே ஒரு வாக்கு முடிவை மாற்றுவது அபூர்வம் என்பதால், அந்தக் கடைசி வாசல் அடைபட்டிருப்பது பெரிய இழப்பல்ல என்றுகூடத் தோன்றலாம். என் பார்வையில் அது தவறான கணக்கு. வாக்கு என்பது எண்ணப்படும் நேரத்தில் மட்டும் பயன்படுவதன்று. அதற்கு முன்பே, நீ என் மசோதாவை ஆதரி, நான் உன்னுடையதை ஆதரிக்கிறேன் என்று பேரம் பேசுவதற்கான நாணயமாகவும் அது செல்லுபடியாகிறது. அந்த நாணயம் இல்லாதவர் கேட்கலாம், விளக்கலாம், மன்றாடலாம். திருப்பித் தர அவரிடம் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு, பிரதேசங்களுக்குச் செனட்டில் ஒருவருமே கிடையாது.

அலாஸ்காவில் இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் துலக்கமாக வெளிப்பட்டன. 1867-இல் 72 லட்சம் டாலருக்கு ரஷ்யாவிடமிருந்து வாங்கப்பட்ட அந்த நிலத்தைப் பல ஆண்டுகள் தரைப்படையும் பிறகு கடற்படையும் ஆண்டன. 1884-இல் ஓர் ஆளுநரையும் நீதிமன்றத்தையும் கொடுத்த சட்டம், அலாஸ்காவுக்குச் சட்டமன்றமும் கிடையாது, காங்கிரசுக்குப் பிரதிநிதியும் கிடையாது என்று வெளிப்படையாகவே எழுதிவைத்தது. நோம், ஃபேர்பேங்க்ஸ் பகுதிகளில் தங்கம் கிடைத்து மக்கள் திரண்ட பிறகே, 1906-இல் ஒரு வாக்கற்ற பிரதிநிதி அனுமதிக்கப்பட்டார். 1787-இன் வரிசை இங்கே தலைகீழானது. சட்டமன்றம் வருவதற்கு முன்பே பிரதிநிதி வந்துவிட்டார்.

அந்தச் சட்டமன்றத்தைப் பெற்றுத் தந்தவரும் ஒரு பிரதிநிதியே. 1900 முதல் அலாஸ்காவில் நீதிபதியாக இருந்த ஜேம்ஸ் விக்கர்ஷாம் 1908 தேர்தலில் வென்று வாஷிங்டன் போனார். அலாஸ்காவின் செப்புச் சுரங்கங்களையும் கப்பல், ரயில் போக்குவரத்தையும் கைக்குள் வைத்திருந்த மார்கன், குகன்ஹைம் என்ற பெருமுதலாளிகளின் கூட்டணியைக் கடுமையாக எதிர்த்தவர் அவர். 1912-இல் நிறைவேறிய சட்டம் 8 செனட்டர்களும் 16 பிரதிநிதிகளும் கொண்ட சட்டமன்றத்தை அமைத்தது. ஆனால் மீன்வளத்தையும் வேட்டையையும் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரத்தைக் காங்கிரஸ் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1913-இல் அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் கூடிய அந்தச் சட்டமன்றத்தின் முதல் சட்டம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. 1914-இல் அரசே ரயில்பாதை அமைக்க 3.5 கோடி டாலர் வரை செலவிட அனுமதிக்கும் சட்டம் வந்தது. அதற்காக விக்கர்ஷாம் அவையில் பல மணி நேரம் பேசினார். அந்த ரயில்பாதைக்கான கட்டுமான முகாமாக 1915-இல் தோன்றிய ஊரே ஆங்கரேஜ். அலாஸ்காவை மாநிலமாக்கக் கோரும் முதல் மசோதாவையும் அவரே 1916 மார்ச் 30 அன்று கொண்டுவந்தார். அன்றைக்கு ரஷ்யாவுடனான விற்பனை உடன்படிக்கை கையெழுத்தாகி 49 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவை எல்லாம் அவரால் முடிந்தது, அலாஸ்காவைப் பற்றி அவையில் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதால்தான். தன் தொகுதியை நேரில் அறிந்த ஒரே மனிதர் பேசும்போது, எதிர்க்க வேண்டிய காரணம் வேறு யாருக்கும் இல்லாவிட்டால், அவை செவிசாய்த்தது. இந்தப் பதவிக்காக நடந்த சண்டைகளும் வேடிக்கையானவை. 1916, 1918 ஆகிய இரண்டு தேர்தல்களின் முடிவையும் எதிர்த்து விக்கர்ஷாம் அவையிடம் முறையிட்டார். முதல் வழக்கில் இரண்டாண்டுப் பதவிக்காலம் முடிய இரண்டு மாதம்கூட இல்லாதபோது அவருக்கு இருக்கை கிடைத்தது; இரண்டாவதில், 1921 மார்ச் 1 அன்று, பதவிக்காலத்தின் கடைசி மூன்று நாட்களுக்கு.

எதிர்க்கக் காரணம் உள்ளவர்கள் இருந்தபோது கதை வேறு. 1920-இல் வாஷிங்டன் மாநிலச் செனட்டர் வெஸ்லி ஜோன்சின் பெயரால் அறியப்படும் கப்பல் வணிகச் சட்டம் வந்தது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே அமெரிக்கக் கப்பல்களே சரக்கு ஏற்றலாம் என்ற விதிக்கு, கனடா ரயில்கள் வழியாகச் செல்லும் சரக்குகளுக்கென ஒரு விலக்கு தரப்பட்டது. அந்த விலக்கு அலாஸ்காவுக்குப் பொருந்தாது என்றும் சேர்த்தே எழுதப்பட்டது. இதனால் ஜோன்சின் மாநிலத்திலிருந்த சியாட்டில் துறைமுகம் லாபமடைந்தது. அலாஸ்காவில் விலைவாசி ஏறியது. ஒரு மாநிலத்தின் துறைமுகங்களுக்கு மற்றொன்றைவிட முன்னுரிமை தரக்கூடாது என்ற அரசமைப்பு விதியைக் காட்டி அலாஸ்கா உச்ச நீதிமன்றம் போனது. அந்தப் பாதுகாப்பு மாநிலங்களுக்குத்தான், பிரதேசங்களுக்கு அல்ல என்று 1922-இல் தீர்ப்பானது. சால்மன் மீன்கள் ஆறு ஏறும் வழியை மறித்து நிறுத்தப்பட்ட பொறிகளின் கதையும் இதுவே. அவற்றின் உரிமையாளர்கள் பெரும்பாலும் மீனைத் தகரக் கலன்களில் அடைத்து விற்கும் வெளியூர் நிறுவனங்கள். 1933 முதல் 1945 வரை பிரதிநிதியாக இருந்த ஆந்தனி டைமண்டும், அவருக்குப் பின் வந்த பாப் பார்ட்லெட்டும் அந்தப் பொறிகளை ஒழிக்க முயன்றும் காங்கிரசில் வெல்ல முடியவில்லை. அலாஸ்காவில் விமானத் தளங்கள் வேண்டும், ஜப்பானின் பக்கம் திறந்துகிடக்கிறது என்று டைமண்ட் 1930-களில் விடாமல் எச்சரித்ததற்கு நெடுங்காலம் போதிய பலன் இல்லை. 1942 ஜூனில் ஜப்பானிய விமானங்கள் அலாஸ்காவின் டச்சு ஹார்பரைத் தாக்கின. அட்டு, கிஸ்கா தீவுகள் ஜப்பானியர் வசமாயின.

மாநிலமாக்கும் மசோதா 1950-இல் பிரதிநிதிகள் சபையில் 186-க்கு 146 என்று நிறைவேறி, செனட்டில் மடிந்தது. அலாஸ்கா மாநிலமானால் வரும் புதிய செனட்டர்கள் இருவர் கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் சட்டங்களை ஆதரிப்பார்களோ என்ற அச்சம் தென்மாநிலத்தவரிடம் இருந்தது. அலாஸ்கா மக்கள் அப்போது ஒரு பழைய உத்தியை எடுத்தார்கள். ஜேம்ஸ் வொயிட்டின் டென்னசி, 1796-இல் காங்கிரசின் அனுமதி வரும் முன்பே செனட்டர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தது. அதையே பின்பற்றி 1956-இல் அலாஸ்கா எர்னஸ்ட் குரூனிங், வில்லியம் ஈகன் ஆகிய இருவரைச் செனட்டர்களாகவும் ரால்ஃப் ரிவர்ஸைப் பிரதிநிதியாகவும் தேர்ந்தெடுத்து, வாஷிங்டனுக்கு அனுப்பியது. யாரும் அவர்களுக்கு இருக்கை தரவில்லை. ஆயினும் அவர்கள் அங்கேயே தங்கி ஆதரவு திரட்டினார்கள். அவையில் பல ஆண்டுகளாக நட்பைச் சம்பாதித்திருந்த பார்ட்லெட் உள்ளிருந்து அதே வேலையைச் செய்தார். எந்த மசோதா எப்போது விவாதத்துக்கு வரும் என்று முடிவுசெய்யும் விதிகள் குழுவின் தலைவர் ஹோவர்ட் ஸ்மித் மசோதாவை முடக்கியபோது, மாநிலச் சேர்க்கை மசோதாக்களுக்கு உள்ள தனிச் சலுகையைப் பயன்படுத்தி அந்தக் குழுவைத் தாண்டிச் சென்றார்கள். 1958 மே மாதம் 210-க்கு 166 என்று மசோதா நிறைவேறியபோது, அலாஸ்காவின் பெயரால் அந்த அவையில் அமர்ந்திருந்த ஒரே மனிதரால் வாக்களிக்க முடியவில்லை. செனட் 64-க்கு 20 என்று ஏற்க, 1959 ஜனவரி 3 அன்று அலாஸ்கா மாநிலமானது; பார்ட்லெட் செனட்டரானார். மீன் பொறிகள் மாநிலம் பிறந்த ஆண்டே தடைசெய்யப்பட்டன.

அலாஸ்காவுக்குக் கிடைத்த முடிவு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. ஸ்பெயினுடனான 1898 போருக்குப் பிறகு கைப்பற்றப்பட்ட தீவுகள் சிலவற்றை மாநிலமாக்கும் வாக்குறுதியின்றியே வைத்திருக்கலாம் என்று 1901 முதல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இடம் கொடுத்தன. இடைக்காலத்துக்கென உண்டான பதவி அங்கே நிரந்தரமாயிற்று. அதன் பிறகு சீர்திருத்தங்கள் பதவியின் ஓரங்களை மட்டுமே தொட்டன. 1970-களில் குழுக்களில் வாக்களிக்கும் உரிமை வந்தது. 1993-இல், திருத்தங்களை ஆராய்வதற்காக அவை முழுவதும் ஒரே குழுவாக உருமாறிக் கூடும் அமர்விலும் அவர்கள் வாக்களிக்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. நீதிமன்றங்கள் அந்த விதியை அனுமதித்தன. 1995-இல் அது நீக்கப்பட்டு, 2007-இல் திரும்பி, 2011-இல் மறுபடி நீங்கி, 2019-இல் மீண்டும் வந்தது. அந்த விதிக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு உண்டு: வாக்கற்ற பிரதிநிதிகளின் வாக்குகளால்தான் முடிவு மாறியது என்று தெரிந்தால், அவர்களை விலக்கிவிட்டு உடனே மறுவாக்கெடுப்பு நடத்த வேண்டும்.